தலைக்குள் பார்த்த இரண்டு இயந்திரங்கள்



நான் ஜேர்மனியில் ஒரு வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்கிறேன். தமிழ்க் குடும்பம் ஒன்று அவசரப் பிரிவுக்கு வந்தால், என்னிடம் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. “தங்கச்சி, அம்மாவுக்கு சி.ரி. மட்டும்தானே எடுத்தவை. எம்.ஆர்.ஐ. தானே திறம்? ஏன் அதை எடுக்கேல்லை?” சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், நாங்கள் வெளிநாட்டவர் என்பதால் மலிவானதை எடுத்துவிட்டார்களோ என்றும் சந்தேகப்படுவார்கள்.

ஜேர்மன் மொழியில் எம்.ஆர்.ரி. என்று சொல்வதும் நாங்கள் எம்.ஆர்.ஐ. என்று சொல்வதும் ஒன்றுதான். அது சி.ரி.க்குப் பிறகு வந்தது, விலை கூடியது என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஒன்று பழையது, மற்றது புதியது என்று பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. இரண்டும் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால் விடை தானாகவே தெரியும். அந்தக் கதையில் பெரும் பகுதி நாங்கள் வாழும் இந்த நாட்டிலேயே நடந்தது. ஒரு முக்கியமான பகுதி வேலூரில் நடந்தது.

வூர்ஸ்பூர்க்கில் தெரிந்த கை

1895 நவம்பர் 8ஆம் திகதி, வூர்ஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் கொன்ராட் ரொன்ட்கன், கண்ணுக்குத் தெரியாத ஒரு புதிய கதிரைக் கவனித்தார். அது என்னவென்று தெரியாததால் அதற்கு ‘எக்ஸ்’ என்று பெயர் வைத்தார். டிசம்பர் 22ஆம் திகதி தன் மனைவி அன்னா பெர்த்தாவின் கையை அந்தக் கதிரில் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. 1901இல் பௌதிகத்துக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. பரிசுப் பணத்தையும் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். இன்றைக்கும் ஜேர்மனியர்கள் எக்ஸ்றே எடுப்பதை ‘ரொன்ட்கன்’ என்றே சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

இந்தக் கதிருக்கு ஒரு விலையும் இருந்தது. அதன் ஆபத்து தெரியாமல் பாதுகாப்பின்றி வேலை செய்த பலர் தோல் புண்ணாலும் புற்றுநோயாலும் இறந்தார்கள். அவர்களுக்காக 1936இல் ஹம்பூர்க்கில் சாங்க்ட் கேயோர்க் வைத்தியசாலை வளவில் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. வைத்தியர்களோடு தொழில்நுட்பவியலாளர்களையும் தாதியரையும் நினைவுகூரும் கல் அது. எக்ஸ்றே அறையில் வேலை செய்பவர்கள் இன்று ஏன் சுவருக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள் என்று கேட்டால், அந்தக் கல்தான் பதில்.

பூட்டிய பெட்டி

ரொன்ட்கனின் கதிர் எலும்பை நன்றாகக் காட்டியது. மண்டையோட்டையும் காட்டியது. ஆனால் மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளையைக் காட்டவில்லை. மென்மையான மூளையும் அதைச் சுற்றியுள்ள நீரும் கதிரை ஏறக்குறைய ஒரே அளவில் உறிஞ்சுவதால், சாதாரண எக்ஸ்றேயில் அவற்றைப் பிரித்துப் பார்க்க முடியாது. கண்ணைச் சுற்றியுள்ள எலும்புக் குழியிலும் இதே கதைதான். குழியின் சுவர் தெரியும். உள்ளே இருக்கும் தசைகளும் பார்வை நரம்பும் தெரியாது.

ஆகவே வைத்தியர்கள் சுற்றுவழி தேடினார்கள். அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரில் வோல்ட்டர் டான்டி என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1918இல் மூளையின் நீர் அறைகளுக்குள் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார். அடுத்த ஆண்டு முதுகுத்தண்டு வழியாகவும் காற்றை ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். காற்று நிரம்பிய அறை படத்தில் கறுப்பாகத் தெரியும். அது ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் அங்கே கட்டி இருக்கலாம் என்று ஊகிப்பார்கள். நோயாளிக்கோ அது பெரும் வேதனை. கடும் தலையிடி, வாந்தி எல்லாம் வரும். 1927இல் லிஸ்பனில் எகாஸ் மொனிஸ் கழுத்து நாடிக்குள் சாயத்தைச் செலுத்தி மூளையின் இரத்தக் குழாய்களைப் படம் எடுத்தார். அதிலும் குழாய்கள் விலகியிருப்பதைப் பார்த்துத்தான் கட்டியை ஊகிக்க முடிந்தது.

1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், இந்தியாவின் முதலாவது நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவை டொக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். கனடாவில் மொன்றியலில் வைல்டர் பென்பீல்ட் என்ற புகழ்பெற்ற நிபுணரிடம் பயிற்சி பெற்றுத் திரும்பியவர் அவர். அவருடைய தலைமுறை வைத்தியர்களுக்கு உலகெங்கும் கிடைத்த வழி காற்றும் சாயமும்தான். மண்டையைத் திறக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

எலும்பையும் இரத்தத்தையும் பார்த்த இயந்திரம்

இந்தப் பூட்டைத் திறந்தவர் வைத்தியர் அல்லர். பீட்டில்ஸ் பாடல்களை வெளியிட்ட ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை செய்த பொறியியலாளர் கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட். அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம்கூட இல்லை. அவருடைய எண்ணம் இதுதான்: ஒரே பக்கத்திலிருந்து கதிரை அனுப்பினால் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். தலையைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து அனுப்பி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு கதிர் மறுபக்கம் வருகிறது என்று அளந்தால், உள்ளே ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கணினியால் கணக்கிடலாம். பாணை வெட்டி ஒரு துண்டை எடுத்துப் பார்ப்பதுபோல், தலையை வெட்டாமலே ஒரு துண்டைப் பார்க்கலாம்.

அவருடைய ஆய்வுகூடத்தில் முதலாவது பரிசோதனைப் பொருளை அளந்து முடிக்க 9 நாட்கள் சென்றன. 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டனில் விம்பிள்டன் பகுதியிலுள்ள அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், டொக்டர் ஜேம்ஸ் அம்புறோசுடன் சேர்ந்து முதலாவது நோயாளியின் தலையைப் படம் எடுத்தார். மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண் அவர். அந்தப் படத்தில் 80க்கு 80 கட்டங்கள்தான். ஆனாலும் கட்டி இருந்த இடம் தெரிந்தது. காற்றும் ஏற்றவில்லை, வேதனையும் இல்லை. இதே கணக்கைத் தென்னாபிரிக்காவில் பிறந்த அலன் கோர்மக் 1963, 1964ஆம் ஆண்டுகளிலேயே எழுதி வெளியிட்டிருந்தார். அப்போது அதை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1979இல் இருவருக்கும் நோபல் பரிசு சேர்ந்தே கிடைத்தது.

ஜேர்மனியில் சீமென்ஸ் நிறுவனம் ‘சிரெற்றோம்’ என்ற தலைக்கான சி.ரி. இயந்திரத்தை 1970களின் நடுப்பகுதியில் கொண்டுவந்தது. 1989இல் வில்லி காலண்டர் என்ற ஜேர்மன் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், கதிர்க்குழாய் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்க நோயாளியின் படுக்கை நகரும் சுருள் முறையை அறிமுகப்படுத்தினார்கள். நிமிடக் கணக்கில் எடுத்த வேலை இன்று விநாடிகளில் முடிகிறது என்றால், அதற்கு அந்த முறை ஒரு பெரிய காரணம்.

சி.ரி. படத்தின் அளவுகோலுக்கு ஹவுன்ஸ்பீல்டின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. அதில் நீருக்கு 0, காற்றுக்கு −1000. எலும்பு பல நூறுக்கு மேல். புதிதாகக் கசிந்த இரத்தம் மூளையைவிடக் கூடிய எண் பெறும், ஆகவே வெள்ளையாகத் தெரியும். இதை மனதில் வைத்திருங்கள். சற்றுப் பிறகு தேவைப்படும்.

நீரைக் கேட்ட இயந்திரம்

எம்.ஆர்.ஐ. வேறொரு வேரிலிருந்து வந்தது. அதில் எக்ஸ்கதிரே இல்லை. 1946இல் பீலிக்ஸ் புளொக், எட்வர்ட் பர்செல் ஆகிய இருவரும் அமெரிக்காவில் தனித்தனியே ஒரு விடயத்தைக் காட்டினார்கள். வலிய காந்தத்துக்குள் வைத்த பொருளுக்கு வானொலி அலையைக் கொடுத்தால், அதிலுள்ள ஐதரசன் அணுக்கரு பதில் அலை கொடுக்கும். புளொக் ஜேர்மனியில் லைப்சிக் நகரில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். யூதரான அவர் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் நாட்டை விட்டு வெளியேறினார். ஜேர்மனி இழந்த அறிவு அது.

இதைப் படமாக மாற்றும் வழியை 1973இல் போல் லோட்டர்பர் எழுதினார். காந்தத்தின் வலிமையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சிறிது சிறிதாக மாற்றினால், பதில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரியும். ‘நேச்சர்’ இதழ் அந்தக் கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பியது. அவர் விடாமல் மீண்டும் எழுதிக் கேட்ட பிறகே வெளியிட்டது. இங்கிலாந்தில் பீற்றர் மான்ஸ்பீல்ட் அதை வேகமாக்கும் கணக்கைக் கண்டுபிடித்தார். 2003இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஜேர்மனியில் சீமென்ஸ் ஆய்வாளர்கள் 1980இல் ஏர்லாங்கனில் எடுத்த முதற்படம் ஒரு குடைமிளகாயின் படம். அதற்குள் நீர் நிறைய இருக்கிறது, அசையாமலும் இருக்கும் அல்லவா! அக்காலத்தில் எம்.ஆர்.ஐ.யின் பெரிய குறை வேகம். 1985இல் கோட்டிங்கனில் மாக்ஸ் பிளாங் நிறுவனத்தில் யென்ஸ் பிராம், அக்சல் ஹாசெ ஆகியோரின் குழு ‘பிளாஷ்’ என்ற முறையைக் கண்டுபிடித்தது. படம் எடுக்கும் நேரம் நூறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. 2018இல் பிராமுக்கு ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருது கிடைத்தது. கட்டியைப் பிரகாசமாகக் காட்டும் கடோலினியம் கலந்த முதலாவது ஊசிமருந்தான ‘மக்னெவிஸ்ட்’, பெர்லினில் ஷெரிங் நிறுவனத்தில் உருவாகி 1988இல் பாவனைக்கு வந்தது.

எது எதைப் பார்க்கும்?

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். சி.ரி. ‘இங்கே எவ்வளவு அடர்த்தி?’ என்று கேட்கிறது. எம்.ஆர்.ஐ. ‘இங்கே நீர் எப்படி இருக்கிறது?’ என்று கேட்கிறது. கேள்வி வேறு, ஆகவே பதிலும் வேறு.

திடீரென்று ஒருவருக்கு வாய் கோணி, கை விழுந்துவிட்டது என்று வைப்போம். அது இரத்தக்கட்டி குழாயை அடைத்ததாலா, குழாய் வெடித்து இரத்தம் கசிந்ததாலா என்பதை உடனே அறிய வேண்டும். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. கசிவு இருக்கும்போது அதே மருந்தைக் கொடுத்தால் உயிர் போகலாம். சில நிமிடங்களில் சி.ரி. அந்த விடையைத் தருகிறது, ஏனென்றால் புது இரத்தம் அதில் வெள்ளையாகத் தெரியும். விழுந்து தலையில் அடிபட்டவருக்கும் இதே காரணம். அந்த அம்மாவுக்கு முதலில் சி.ரி. எடுத்தது மலிவு என்பதற்காக அல்ல. அந்த நேரத்துக்கு உரிய கேள்வியை அதுதான் மிக விரைவாகக் கேட்கும் என்பதற்காக.

ஆனால் அடைப்பு வந்த முதல் மணித்தியாலங்களில் சி.ரி. படம் சில வேளைகளில் சாதாரணமாகவே தெரியும். அந்த இடத்தில் நீரின் அசைவு மாறுவதை எம்.ஆர்.ஐ. மிக விரைவிலேயே காட்டிவிடும். சிறிய கட்டிகள், மூளைத்தண்டு, மல்ட்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ் நோயின் தழும்புகள் ஆகியவற்றுக்கும் எம்.ஆர்.ஐ.தான் நல்லது. அதற்கு அரை மணித்தியாலம் அளவில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். சில வைத்தியசாலைகள் பக்கவாதத்துக்கு நேரே எம்.ஆர்.ஐ. எடுப்பதும் உண்டு.

கண்குழி இந்த வித்தியாசத்தை இன்னும் தெளிவாகக் காட்டும். அது கூம்பு வடிவான எலும்புக் குழி. உள்ளே கொழுப்பு, ஆறு அசைவுத் தசைகள், கண், பார்வை நரம்பு எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. விளையாட்டில் பந்து பட்டுக் குழியின் மெல்லிய அடித்தளம் உடைந்ததா? இரும்புத் துகள் உள்ளே போனதா? சி.ரி. சொல்லும். பார்வை நரம்பு அழற்சியால் கண் மங்குகிறதா? நரம்போடு கட்டி மூளைப் பக்கம் போகிறதா? எம்.ஆர்.ஐ. சொல்லும். சிறு பிள்ளைகளின் விழித்திரையில் வரும் புற்றுநோய்க்கு முன்பு சி.ரி. எடுப்பார்கள். வளரும் பிள்ளைக்குக் கதிர் குறைவாகவே படவேண்டும் என்பதால் இப்போது எம்.ஆர்.ஐ.யையே விரும்புகிறார்கள். வளர்ந்தவர் ஒருவருக்குத் தலை சி.ரி. ஒரு முறை எடுத்தால் படும் கதிர், ஜேர்மனியில் நாங்கள் ஓராண்டில் இயற்கையாகவே பெறும் கதிருக்கு ஏறக்குறையச் சமம். தேவைக்கு எடுக்கப் பயப்பட வேண்டாம். தேவையில்லாமல் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

வேலூர் கற்பித்த பாடம்

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது நோயின் பெயரைச் சொல்லாது. இதை உலகுக்குக் காட்டிய இடங்களில் ஒன்று வேலூர்.

1980களில் இந்தியாவில் சி.ரி. பரவியபோது, வலிப்பு வந்த பலருடைய படத்தில் இரண்டு சென்ரிமீற்றருக்கும் குறைந்த ஒரு சிறு வட்டம் தெரிந்தது. இந்தியாவில் காசநோய் அதிகம் என்பதால், அது மூளையில் வந்த காசநோய்க் கட்டி என்று பல வைத்தியர்கள் கருதினார்கள். பல மாதங்கள் காசநோய் மருந்து கொடுத்தார்கள். மறுபடி எடுத்த படத்தில் வட்டம் மறைந்திருந்தது. மருந்து வேலை செய்தது என்று எல்லாரும் நம்பினார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டொக்டர் மத்தியூ சாண்டி, டொக்டர் வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரும் கூட வேலை செய்தவர்களும் அந்த வட்டத்திலிருந்து சதையை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். பெரும்பாலும் அங்கே காசநோய் இல்லை. பன்றி நாடாப்புழுவின் குடம்பி மூளைக்குள் வந்து செத்துக்கொண்டிருந்த அடையாளமே இருந்தது. 1991இல் இதை வெளியிட்டார்கள். எந்த நோயாளியைக் காசநோய் மருந்தோ அறுவையோ இல்லாமல், வலிப்பு மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்பதற்கு விதிகளையும் வகுத்தார்கள். வட்டம் பலருக்குத் தானாகவே மறைந்தது. தேவையில்லாத மாதக்கணக்கான மருந்திலிருந்து எத்தனையோ இளம் பிள்ளைகள் தப்பினார்கள். அதற்கு உதவியது புதிய இயந்திரம் அல்ல. இருக்கிற படத்தை உடனே நம்பாமல் கேள்வி கேட்ட பொறுமைதான்.

உடம்பில் இருக்கும் இரும்பு

கடைசியாக, எங்கள் குடும்பங்களுக்கு மிகவும் தேவையான பகுதி.

எம்.ஆர்.ஐ. காந்தம் பொதுவாக 1.5 ரெஸ்லா வலிமை உடையது. பூமியின் காந்தத்தைவிட ஏறக்குறைய 30,000 மடங்கு. 1986இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு சம்பவம் வெளியானது. கண்ணுக்குள் சிறு இரும்புத் துகள் இருப்பது தெரியாமல் ஒருவரை எம்.ஆர்.ஐ.க்குள் அனுப்பினார்கள். துகள் அசைந்தது. உள்ளே இரத்தம் கசிந்து அந்தக் கண்ணின் பார்வை போனது. அதனால்தான் இரும்பு வெட்டும், ஒட்டும் வேலை செய்தவர்களிடம் கண்ணைப் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்றே அல்லது சி.ரி. எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு இயந்திரம் மற்றதற்குக் காவல் நிற்கிறது.

எங்கள் பெற்றோரில் பலர் போரைக் கடந்து வந்தவர்கள். ஷெல் துண்டு உடம்பில் இருக்க, அதை மறந்தே முப்பது வருடம் வாழ்ந்தவர்கள் உண்டு. பழைய துண்டு இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே முடியாது என்பதில்லை. அது எங்கே இருக்கிறது, எப்படிப்பட்டது என்று பார்த்து வைத்தியர்கள் முடிவு செய்வார்கள். ஆனால் அவர்களுக்கு அது தெரிய வேண்டும். படிவத்தில் ‘மெட்டால்ஸ்ப்ளிட்டர்’ என்று ஒரு சொல் இருக்கும். பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு பெட்டிகள். பெரும்பாலும் அதை நிரப்புபவர் வைத்தியரும் அல்லர், அப்பாவும் அல்லர். பதினாறு வயது மகளோ மகனோதான்.

ஆகவே தம்பி, தங்கச்சி, அந்தப் பெட்டியில் நீங்களாகவே ‘இல்லை’ என்று போடாதீர்கள். அப்பாவிடம் தமிழில் கேளுங்கள்: “அப்பா, போர்க்காலத்தில் காயப்பட்டீர்களா? உடம்பில் துண்டு ஏதும் இருக்கா? வேலைத்தலத்தில் கண்ணுக்குள் இரும்புத் தூள் பட்டதா?” சிலர் பிள்ளைக்கு முன்னால் அந்தக் கதையைச் சொல்ல விரும்பமாட்டார்கள். அப்படியானால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று தாதியிடம் கேட்கலாம். ‘ஹெர்ட்ஸ்ஷ்ரிட்மாகர்’ என்றால் இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் கருவி. அது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். சி.ரி.க்கு அயடீன் ஊசி போடுவதாக இருந்தால் தைரொயிட் நோய், சிறுநீரக நோய், ஒவ்வாமை, நீரிழிவுக்குப் பாவிக்கும் மெற்போர்மின் குளிசை ஆகியவற்றைச் சொல்லவேண்டும். அம்மாவின் மருந்துப் பட்டியலை உங்கள் தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருப்பது மிகவும் உதவும்.

மருத்துவத்தை எங்கள் மொழியில் சொல்வது சிறிய ஊழியம் அல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் தமிழ் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார், இல்லாத சொற்களை உருவாக்கினார். ஆங்கிலம் படித்தவனுக்கு மட்டுமே வைத்தியம் விளங்கினால் போதாது என்று அவர் கருதினார்.

ரொன்ட்கன் முதல் பிராம் வரை எத்தனையோ பேர் உழைத்து, தலையைத் திறக்காமலே உள்ளே பார்க்கும் வழியைத் தந்திருக்கிறார்கள். அந்த இயந்திரங்களால் இன்னும் செய்ய முடியாத ஒரு வேலை இருக்கிறது. அம்மாவின், அப்பாவின் கதையைக் கேட்டு அதைச் சரியாக இன்னொரு மொழியில் சொல்வது. இந்தக் கிழமையே வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து அந்தக் கேள்விகளைக் கேட்டு, பதில்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவசர நேரத்தில் அதைத் தேடத் தேவையில்லை.